சுற்றாமல் நிற்கும் சிபியு ஃபேன்: புதியது வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இருந்து என்னிடம் பழுதுபார்க்க வரும் கணினிகளில், "ஆன் செய்தால் பத்து நிமிடம் ஓடுகிறது, பிறகு தானாக அணைந்துவிடுகிறது" என்ற புகாருடன் வருபவை மிகுதி. கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், ப்ராசசரின் மேல் அமர்ந்திருக்கும் விசிறி அசையாமல் நிற்கும். அதைக் கண்டதும் பலர் புதிய விசிறி ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள்; அதுவும் சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றுகிறார்கள்; அதன் பிறகும் சுற்றாவிட்டால் மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய இயந்திரத்தைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனெனில் விசிறி நின்றுவிட்டது என்பதற்கும் விசிறி கெட்டுவிட்டது என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

ஒரு சிபியு ஃபேன் நிற்பதற்கு மூன்றே இடங்களில் காரணம் இருக்க முடியும்: இறக்கையோ அச்சோ மோட்டாரோ கெட்டு விசிறியே சுழல முடியாமல் இருக்கலாம், மோட்டாருக்கு மின்சாரம் வராமல் இருக்கலாம், மின்சாரம் வந்தும், "சுற்றாதே" அல்லது "மிக மெதுவாகச் சுற்று" என்ற கட்டளை போர்டிலிருந்து வந்துகொண்டிருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதைக் காசு செலவில்லாத சோதனைகளாலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சோதனைகளின் வரிசை மாறாமல் இருப்பதுதான் முக்கியம். ஆகவே கீழே உள்ளவற்றை நடுவிலிருந்து தொடங்காமல் மேலிருந்து வரிசையாகச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கே சொல்லப்படுபவை மேசைக் கணினிகளுக்கானவை. மடிக்கணினி விசிறிகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் இயங்குபவை என்பதால், பின்னால் வரும் பேட்டரி சோதனையை அவற்றில் செய்யக் கூடாது.

முதலில் அணைக்க வேண்டும்

விசிறி நின்றது தெரிந்தவுடன் செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை முறைப்படி அணைத்துவிட வேண்டும். இன்றைய ப்ராசசர்கள் வெப்பத்திலிருந்து தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் ஏற்பாட்டுடன் வருகின்றன என்பது உண்மைதான். இன்டெலின் பல மேசைக் கணினி ப்ராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு 95 டிகிரியும் எல்லையாக வைக்கப்பட்டுள்ளன. அந்த எல்லையைத் தொட்டதும் ப்ராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் வெப்பம் ஏறினால் கணினியை அந்தக் கணமே அணைத்துவிடும். இதனால் ப்ராசசர் எரிவது அரிது. ஆனால் இப்படித் திடீரென்று அணையும் ஒவ்வொரு முறையும் திறந்திருக்கும் கோப்புகள் சிதையலாம், ப்ராசசரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்கள் சூட்டில் சீக்கிரம் மூப்படையும். ஆகவே, சற்று ஆறவிட்டு மறுபடி ஓட்டிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். திறந்த கேபினட்டுக்கு எதிரே டேபிள் ஃபேனை வைத்து ஓட்டுவது அவசரக் கோப்புகளை ஒரு பென் டிரைவுக்கு மாற்றும் நேரம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளக்கூடிய தற்காலிக வழி. கடலோரத் தெருக்களில் அதையே வாரக்கணக்கில் செய்தால், அந்தக் காற்றோடு வரும் உப்பும் தூசியும் மதர்போர்டு முழுவதும் படிந்துவிடும்.

திறப்பதற்கு முன்பே கிடைக்கும் தடயங்கள்

கணினியை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் "சிபியு ஃபேன் எரர்" என்று எழுத்து வந்து, எஃப் 1 விசையை அழுத்தச் சொல்கிறதா என்று பாருங்கள். இந்தச் செய்தி எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். விசிறி தன் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு மின்துடிப்புகளை ஒரு தனி வயரின் வழியே அனுப்புகிறது. போர்டு அவற்றை எண்ணித்தான் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை அறிகிறது. ஆகவே விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தும் இந்தச் செய்தி வரலாம். துடிப்பு வயர் அறுந்திருந்தாலும், பிளக் சிபியுவுக்கான இடத்தில் இல்லாமல் கேபினட் விசிறிக்கான இடத்தில் செருகப்பட்டிருந்தாலும், பயோஸில் (கணினி புறப்படும்போது போர்டில் இயங்கும் அடிப்படை அமைப்பு நிரலில்) குறிக்கப்பட்ட குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே விசிறி சுற்றினாலும் போர்டுக்கு எல்லாம் ஒன்றுதான். கண்ணால் பார்க்காமல் இந்தச் செய்தியை மட்டும் நம்பி விசிறியைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

அடுத்து, டெலீட் அல்லது எஃப் 2 விசையை அழுத்தி பயோஸுக்குள் சென்று, வெப்பமும் விசிறி வேகமும் காட்டப்படும் பக்கத்தைத் திறந்து வைத்து இரண்டு நிமிடம் கவனியுங்கள். வெப்பம் எவ்வளவு என்பதைவிட அது எப்படி ஏறுகிறது என்பதே இங்கு முக்கியம். 45, 48, 52 என்று மெல்லப் படியேறினால் ஹீட்சிங்க் (விசிறிக்கு அடியில் உள்ள, வெப்பத்தை இழுக்கும் உலோகக் கட்டி) ப்ராசசரோடு சரியாகப் பொருந்தியிருக்கிறது, காற்றோட்டம் மட்டுமே இல்லை என்று பொருள். ஆன் செய்த சில நொடிகளிலேயே 80, 90 என்று தாவினால் கோளாறு விசிறியில் மட்டும் இல்லை. ஹீட்சிங்க்கைப் போர்டோடு பிடித்திருக்கும் நான்கு ஊன்றிகளில் ஒன்று கழன்று அது ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருக்கும், அல்லது இரண்டுக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். பயோஸ் திரையில் ப்ராசசர் முழு ஓய்வுக்குப் போவதில்லை என்பதால், விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டும் அளவைவிட இங்கே சில டிகிரி கூடுதலாகத் தெரிவது இயல்பு.

மூடியைக் கழற்றிய பின் கண்ணால் பார்ப்பது

கணினியை அணைத்து, பவர் வயரைப் பின்னாலிருந்து பிடுங்கிவிட வேண்டும். யூபிஎஸ்ஸில் செருகியிருந்தால் சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பது போதாது. பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும். போர்டைத் தொடுவதற்கு முன் கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் வயரைப் பிடுங்கிய பின்னும் ஆபத்தான மின்னழுத்தத்தை வைத்திருக்கக்கூடியவை.

முதலில் தேட வேண்டியது இறக்கைகளுக்கு நடுவே நுழைந்திருக்கும் வயரை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ப்ராசசருக்கு மின்சாரம் கொண்டுவரும் 4 அல்லது 8 முனை வயர் விசிறிக்கு மிக அருகில் செல்கிறது. கணினியை இடம் மாற்றினாலோ, புதிதாக ஒரு டிஸ்க்கைச் சேர்த்தாலோ அது நழுவி இறக்கையில் உரசத் தொடங்கும். அப்படி இருந்தால் ஒரு கேபிள் டையால் ஓரமாக இழுத்துக் கட்டிவிடுவதோடு வேலை முடிந்தது.

அடுத்தது தூசி. வடசென்னைத் தூசியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பொதுவான வழிகாட்டிகளில் "ஊதிச் சுத்தம் செய்யுங்கள்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும் வேலை இங்கே அப்படி முடிவதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகளின் புகைக்கரியும், எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் துகளும், கடற்காற்றின் உப்பு ஈரமும் ஒன்றாகச் சேரும்போது தூசி பொடியாக இருப்பதில்லை. விரலில் ஒட்டும் கறுப்புப் பசையாகிவிடுகிறது. ஒரே அறையில் சமையலும் நடக்கும் சிறு வீடுகளில் எண்ணெய்ப் புகையும், வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அதோடு சேர்கின்றன. இந்தப் பசை இறக்கைகளின் மேல் படிவதைவிட, இறக்கைக்கு அடியில் அச்சு நுழையும் மெல்லிய இடைவெளியில் படிவதுதான் விசிறியை நிறுத்துகிறது. இதை ப்ளோயரால் ஊதினால் மேலோட்டமான பஞ்சு பறந்துவிடும், அடியில் உள்ள பசை அப்படியே இருக்கும். முதலில் உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெல்ல வருடித் தளர்த்தி, பிறகு ஊதி, எஞ்சியதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பதே சரியான முறை. ஊதும்போது இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் விசிறி தன் வடிவமைப்பு வேகத்தைத் தாண்டிச் சுழன்று அச்சைத் தேய்த்துக்கொள்ளும், அதோடு மோட்டார் ஜெனரேட்டரைப் போல மின்சாரம் உண்டாக்கி அதைப் போர்டுக்குள் அனுப்பவும் கூடும்.

மூன்றாவதாக, விசிறியின் பிளக்கைக் கழற்றி போர்டிலுள்ள ஊசிகளை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பாக இருக்க வேண்டிய ஊசிகளில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பூப்போ தெரிந்தால் அது உப்புக்காற்றின் வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்த பிறகு, காயவைத்து மறுபடி ஓட்டப்பட்ட கணினிகளில் இந்தக் களிம்பை நான் நிறையவே பார்த்தேன். அவை உடனே நிற்கவில்லை. சில மாதம் நன்றாக ஓடிய பிறகே விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆல்கஹால் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் ஊசிகளைத் தேய்த்து, முழுதும் உலரவிட்டு, பிளக்கை நான்கைந்து முறை செருகி எடுத்தாலே தொடர்பு திரும்பக் கிடைத்துவிடும் இயந்திரங்கள் பல.

விரலால் செய்யும் சோதனை

பவர் இல்லாத நிலையில் இறக்கையை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல விசிறி சில சுற்றுகள் வழுக்கிச் சென்று, காந்தத்தின் பிடிப்பில் மெல்லத் தடுமாறி நிற்கும். சுண்டிய அளவோடு சட்டென்று நின்றால் அச்சில் எண்ணெய் வற்றிவிட்டது அல்லது பசை பிடித்துவிட்டது. இறக்கையை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்கும்போது தாராளமாக ஆடினால் அச்சுக்குழல் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை.

பிறகு பவரைக் கொடுத்து, தள்ளி நின்று கவனிக்க வேண்டும். இறக்கை துடித்துத் துடித்து நின்று, சில நொடி இடைவெளியில் மீண்டும் துடித்தால் அது நல்ல செய்தி: மின்சாரம் வருகிறது, மோட்டார் முயல்கிறது, ஏதோ ஒன்று தடுக்கிறது. பல விசிறிகளில் உள்ள சிறு சிப், அச்சு சிக்கியதை உணர்ந்து மோட்டார் எரியாமல் இருக்க மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுக்கிறது. இப்போது ஒரு பழைய பேனா ரீஃபிலின் முனையால் இறக்கையை மெல்லத் தள்ளிவிட்டால் அது சுழலத் தொடங்கலாம். கழற்றித் துடைத்து எண்ணெய் விட்ட பிறகும் ஒவ்வொரு முறையும் அப்படித் தள்ளிவிட வேண்டியிருந்தால், மோட்டாரின் சுருள்களில் ஒன்று போய்விட்டது என்று கொள்ளலாம். துடிப்பே இல்லாமல் முழு அமைதியாக இருந்தால் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். ஆன் செய்ததும் ஓரிரு நொடி வேகமாகச் சுற்றிவிட்டு நிற்கும் விசிறிக்கு இந்தச் சோதனைகள் எதுவும் தேவையில்லை. மின்சாரமும் மோட்டாரும் நன்றாக உள்ளன, கோளாறு பெரும்பாலும் பயோஸ் அமைப்பில் இருக்கிறது.

நான்கு வயர்களும் சொல்லும் செய்தி

போர்டில் விசிறியின் பிளக் செருகப்படும் இடத்தை ஹெடர் என்பார்கள். நான்கு ஊசி ஹெடரில் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். தடுப்புக்கு வெளியே தனித்து நிற்பது நான்காவது ஊசி. அதற்கு எதிர்க்கோடியில் உள்ளது முதலாவது. முதலாவது கிரவுண்டு, இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது சுற்றுகளை எண்ணும் துடிப்பு, நான்காவது வேகக் கட்டளை. நான்கு வயர் விசிறியில் இவை வழக்கமாகக் கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வரும். பழைய மூன்று வயர் விசிறியில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: நான்கு வயர் விசிறியில் 12 வோல்ட்டைக் கொண்டுவரும் மஞ்சள் நிறம், மூன்று வயர் விசிறியில் துடிப்பைக் கொண்டுசெல்கிறது. எனவே நிறத்தை நம்பாமல் ஊசியின் வரிசையையே நம்ப வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிய சந்தேகத்தை இந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். ப்ராசசர் இயங்குவதற்கான மின்சாரமே எஸ்எம்பிஎஸ் தரும் அதே 12 வோல்ட்டிலிருந்துதான் மதர்போர்டில் இறக்கிக் கொடுக்கப்படுகிறது. திரையில் பயோஸோ விண்டோஸோ தெரிகிறது என்றால் 12 வோல்ட் போர்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே, கணினி ஆன் ஆகி விசிறி மட்டும் நிற்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

முதல் சோதனைக்கு மல்டிமீட்டரில் போடப்படும் 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். விசிறியின் பிளக்கைப் போர்டிலிருந்து கழற்றி, இரண்டு குண்டூசிகளை முதல் இரண்டு துளைகளில் தொடவைத்து, முதலாவதை பேட்டரியின் மைனஸுடனும் இரண்டாவதைப் பிளஸ்ஸுடனும் இணையுங்கள். மாற்றி இணைக்கக் கூடாது. நான்கு வயர் விசிறிகளுக்கான விதிப்படி, கட்டளை வயரில் எந்தச் சமிக்ஞையும் இல்லாவிட்டால் விசிறி முழு வேகத்தில் சுற்ற வேண்டும். எனவே கட்டளை இல்லாத இந்த நிலையில், 9 வோல்ட்டுக்கு உரிய வேகத்தில் அது சுற்றியாக வேண்டும். புதிய பேட்டரியிலும் அசையவில்லை, விரலால் சுழற்றினால் இலகுவாகச் சுழல்கிறது என்றால் மோட்டார் போய்விட்டது; புதிய விசிறி வாங்கலாம். பேட்டரியில் சுற்றி, போர்டில் சுற்றாவிட்டால் விசிறி குற்றமற்றது.

அடுத்து, அதே விசிறியைப் போர்டில் உள்ள கேபினட் விசிறி ஹெடரில் செருகிப் பாருங்கள். அங்கே சுற்றினால் சிபியு ஹெடர் மீது சந்தேகம் உறுதியாகிறது. மல்டிமீட்டர் இருப்பவர்கள் அதை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கேபினட்டின் வெற்று உலோகத்தில் ஊன்றி, சிவப்பு முனையால் சிபியு ஹெடரின் இரண்டாவது ஊசியை மட்டும் தொட்டு அளக்கலாம். 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருந்தால் சரி. சிவப்பு முனை ஒரே நேரத்தில் இரண்டு ஊசிகளைத் தொட்டுவிட்டால் நல்ல ஹெடரும் அந்த நொடியில் எரிந்துவிடக்கூடும் என்பதால், நுனியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக்கொள்வது என் வழக்கம். அளப்பதற்கு முன் பயோஸில் விசிறியை முழு வேகத்தில் வைத்துவிடுங்கள். சில போர்டுகள் வேகத்தைக் குறைக்க மின்னழுத்தத்தையே குறைக்கும், அதைப் பார்த்து ஹெடர் பழுது என்று தவறாக முடிவுசெய்ய நேரும்.

ஹெடர் உண்மையிலேயே செத்திருந்தால், பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். பொதுவாக ஒரு ஹெடர் 1 ஆம்பியர் வரை தாங்கும். ஸ்ப்ளிட்டர் வயர் போட்டு மூன்று நான்கு வண்ண விளக்கு விசிறிகளை ஒரே ஹெடரில் தொங்கவிட்டால் அந்த எல்லை தாண்டிவிடும். ஒவ்வொரு விசிறியின் மேலும் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும், அவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். செத்த ஹெடருக்காக மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. கேபினட் விசிறி ஹெடருக்குச் சிபியு விசிறியை மாற்றி, அந்த ஹெடரைப் பயோஸில் முழு வேகத்தில் வைத்து, சிபியு விசிறி கண்காணிப்பைப் புறக்கணிக்கும்படி அமைத்துவிடலாம். ஆனால் அதன் பிறகு விசிறி நின்றால் போர்டு எச்சரிக்காது. ஆள் இல்லாமல் இரவெல்லாம் ஓடும் சிசிடிவி கணினிக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பயோஸில் பார்க்க வேண்டியவை

விசிறி நல்லது, 12 வோல்ட்டும் வருகிறது, ஆனாலும் நிற்கிறது என்றால் போர்டுதான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. ஸ்மார்ட் ஃபேன் அல்லது ஃபேன் கன்ட்ரோல் என்ற பக்கத்தில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே விசிறியை முழுதும் நிறுத்தும் ஃபேன் ஸ்டாப் அமைப்பு. அது இயங்கினால் விசிறி நிற்பது பழுதே இல்லை, வெப்பம் ஏறியதும் சுற்றத் தொடங்கிவிடும். மற்றொன்று, பிடபிள்யூஎம் (நான்காவது வயரின் கட்டளையால் வேகத்தை மாற்றுவது), டிசி (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து மாற்றுவது) என்ற இரு முறைகளில் எது தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பது. நான்கு வயர் விசிறிக்குப் பிடபிள்யூஎம், மூன்று வயர் விசிறிக்கு டிசி. டிசி முறையில் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால், நின்றிருக்கும் விசிறி புறப்படுவதற்கான ஆரம்ப விசை கிடைக்காமல் அப்படியே நின்றுவிடும்; எண்ணெய் வற்றத் தொடங்கிய பழைய விசிறியில் இது இன்னும் எளிதாக நடக்கும். சந்தேகம் இருந்தால் முழு வேகத்தில் வைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதே குறுக்கு வழி. சத்தம் கூடும், ஆனால் விடை கிடைத்துவிடும்.

எண்ணெய் விடுவது

அச்சு இறுகிய விசிறிக்கு, வயர் உள்ளே நுழையும் பக்கத்தில் நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பாதி உரித்தால், பல விசிறிகளில் ஒரு சிறு ரப்பர் மூடியோ திறந்த அச்சுக்குழலோ தெரியும். பழைய பசையைத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு விட்டு, இறக்கையை ஒரு நிமிடம் கையால் சுழற்றி, வழிந்ததைத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் டேப்பால் மூடுங்கள். முழுதும் அடைக்கப்பட்ட விசிறியை நெம்பித் திறக்க வேண்டாம்.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டு வந்த விசிறிகளைக் கையாண்டிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியற்காலையில் சென்னையிலேயே அது கட்டிபிடித்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உறையாத காலத்திலும் சூட்டில் பிசின் போலாகி முன்பைவிட மோசமாக இறுக்கிக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் கூடாது. அது இருக்கும் கொஞ்ச மசகையும் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். எண்ணெய் விடுவது சில வாரமோ சில மாதமோ தாங்கும் வைத்தியம். தேர்வுக்கு விண்ணப்பம் போடும் பிள்ளையின் வேலை நிற்காமல் இருக்க அது உதவும், அதற்குள் புதிய விசிறியை வாங்கிவிட வேண்டும்.

மாற்றுவதென்று முடிவான பின்

கடைக்குப் போகும்போது பழைய விசிறியையோ, போர்டின் பெயரையும் ப்ராசசரின் எண்ணையும் எழுதிய தாளையோ எடுத்துச் செல்லுங்கள். நம் பக்கத்தில் கேபினட் முழுவதையுமே சிபியு என்று அழைப்பது வழக்கம் என்பதால், வெறுமனே சிபியு ஃபேன் என்று கேட்டால் கேபினட்டின் பின்னால் மாட்டும் விசிறி கைக்கு வரலாம். ப்ராசசர் கூலர் (விசிறியும் ஹீட்சிங்க்கும் சேர்ந்தது) என்று கேட்பது நல்லது. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், கணினிப் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம்.

இன்டெல் ப்ராசசருடன் வரும் கூலரில் விசிறி மட்டும் தனியாகக் கிடைப்பது கடினம், முழுக் கூலராகவே வாங்க வேண்டியிருக்கும். ஊன்றித் துளைகளின் இடைவெளியைக் கவனியுங்கள், ப்ராசசர் அமரும் சாக்கெட்டின் எண்ணுக்கு ஏற்ப அது மாறும்: 775 சாக்கெட்டுக்கு 72 மில்லிமீட்டர், 1155, 1150, 1151, 1200 ஆகியவற்றுக்கு 75, 2021இல் வந்த 1700க்கு 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று அழுத்திப் பொருத்தினால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், வெப்பம் நொடியில் தாவும். அலுவலகங்களில் கழித்து விற்கப்படும் பிராண்டட் கணினிகளில் சிலவற்றின் ஹெடரில் 5 ஊசிகள் இருக்கும், வயர் வரிசையும் மாறியிருக்கும். அவற்றுக்குச் சாதாரணக் கூலரைச் செருகாமல் அதே மாடலுக்குரியதைத் தேட வேண்டும்.

இன்டெல் கூலரைக் கழற்ற, நான்கு ஊன்றிகளின் தலையையும் அவற்றின் மேலுள்ள அம்புக்குறியின் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் கூடுதல் கவனம் தேவை. அங்கே ஊசிகள் ப்ராசசரில் உள்ளன. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, கூலரை நேராக இழுக்கும்போது ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். கணினியைச் சில நிமிடம் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கி, அணைத்துப் பவர் வயரைப் பிடுங்கிய பின், கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிடி விட்டதை உணர்ந்த பிறகே தூக்குங்கள்.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் தொட்ட துணியால் இரு பரப்பிலும் முழுதாகத் துடைக்க வேண்டும். கைகழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கலந்திருக்கும் கிளிசரின் படலமாகத் தங்கும். புதிய பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். புதிய கூலரில் ஏற்கெனவே பேஸ்ட் பூசியிருந்தால் மேலும் வைக்க வேண்டாம். ஊன்றிகளையோ திருகுகளையோ வரிசையாக இறுக்காமல், எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இன்டெல் ஊன்றி ஒவ்வொன்றும் "டக்" என்று சத்தமிட வேண்டும். அதன் கறுப்பு நுனி போர்டின் அடியில் வெளிவந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கைச் சிபியு ஹெடரில் செருகி, மிஞ்சிய வயரை இறக்கைக்கு எட்டாமல் கட்டுங்கள்.

கடைசிச் சோதனை

பயோஸில் விசிறி வேகம் நிலையாகக் காட்டுகிறதா, வெப்பம் ஓர் இடத்தில் வந்து நிற்கிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் போன்ற, வெப்பத்தைக் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமான வேலையை அரைமணி நேரம் செய்யுங்கள். இதை இரவின் குளிர்ச்சியில் செய்து திருப்தியடைய வேண்டாம். அறையே 35 டிகிரியைத் தொடும் மே மாதப் பிற்பகலில் கணினி எப்படி நடந்துகொள்ளும் என்பதே நமக்குத் தெரிய வேண்டியது, ஆகவே பகல் இரண்டு மணியளவில் செய்யுங்கள். சாதாரண வேலையிலேயே 80 டிகிரியைத் தாண்டினால் கூலர் சரியாக அமரவில்லை. கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, மறுபடி பொருத்த வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பக்க மூடியை மாட்டி, அதே அரைமணி நேரத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள். மூடி திறந்திருந்தபோது இருந்ததைவிட வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் கூடினால் சிபியு விசிறியில் குறை இல்லை. கேபினட்டின் பின்பக்கம் சூடான காற்றை வெளியேற்ற வேண்டிய விசிறி சுற்றுகிறதா, அதன் வலைக்கம்பியில் அதே கறுப்புப் பசை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.